சொல்ல நினைக்கிறான் முத்து

மும்பையில் தாராவி என்று ஓர் இடம் இருக்கிறது. பல தலைமுறைகளாக அங்கே தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் அவர்களில் பலர்.

இந்தப் பாடத்தில் அப்படி ஒரு குடும்பம் வருகிறது. தாயின் பெயர் செல்லம்மா என்று வைத்துக்கொள்வோம். மகன் பெயர் முத்து. அவனுக்கு வயது மூன்று.

செல்லம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுவாள். இட்லி அவிப்பாள். சட்னி அரைப்பாள். ஆறு மணிக்கு அவள் கணவர் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். 'பாம், பாம்' என்று ஹாரன் அடித்துக்கொண்டே தெருத்தெருவாக விற்பார்.

முத்து பாயில் படுத்திருப்பான். அவனால் உட்கார முடியாது. கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும். வாயிலிருந்து எப்போதும் எச்சில் வழியும். 'ஆ', 'அ' என்று சத்தம் வரும். ஒரு சொல்லும் வராது.

"நாக்கில் வசம்பு உரசித் தேய்" என்றார் ஒருவர். "நாக்கு நரம்பை அறுத்துவிட்டால் பேச்சு வரும்" என்றார் இன்னொருவர். "வயிற்றில் சூடு போடு" என்றார் மற்றொருவர்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார்: "விடுட்டீ. அது ஊமைப் பிள்ளை. அதுக்கு ஒண்ணும் தெரியாது. சோறு ஊட்டி வச்சுக்கோ. அம்புட்டுத்தான்."

ஆனால் சோறு ஊட்டுவதுதான் பெரிய பாடாக இருந்தது.

செல்லம்மா கால்களை நீட்டி உட்காருவாள். முத்துவைக் காலில் மல்லாக்கப் படுக்க வைப்பாள். அவன் தலை பின்னால் சாய்ந்து கிடக்கும். சங்கில் கஞ்சியை எடுத்து ஊற்றுவாள். அவன் விழுங்காவிட்டால் மூக்கைப் பிடிப்பாள். அவன் இருமுவான். முகம் சிவக்கும். பாதிக் கஞ்சி வெளியே வரும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்த ஆண்டில் இரண்டு முறை முத்துவுக்கு நிமோனியா வந்தது. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

அங்கன்வாடி டீச்சர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். ஊட்டுவதைப் பார்த்தார்.

"அக்கா, அடிக்கடி சளி பிடிக்குது, காய்ச்சல் வருதுன்னு சொன்னீங்களே. ஊட்டுற முறையும் காரணமா இருக்கலாம். நாளைக்கு என்கூட வாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

இது என்ன நோய்?

டாக்டர் முத்துவைச் சோதித்தார். கை கால்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறந்த விவரம் கேட்டார்.

முத்து ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். மிகவும் சிறிய குழந்தையாக இருந்தான்.

"இதற்கு மூளை முடக்குவாதம் என்று பெயர்" என்றார் டாக்டர்.

செல்லம்மா அழுதாள். "மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளிய போனேன், டாக்டர். அதனாலயா?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. கிரகணத்தால் வரவில்லை. நீங்கள் செய்த பாவத்தாலும் வரவில்லை. யார் கண்ணும் படவில்லை" என்றார் டாக்டர்.

அவர் சொன்னதை நாமும் தெரிந்துகொள்வோம்.

நம் கை, கால், நாக்கு, உதடு எல்லாவற்றையும் அசைக்கச் சொல்வது மூளை. குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டிருக்கும்போது அதில் அடிபடலாம். தாயின் வயிற்றில் இருக்கும்போது அது நேரலாம். பிறக்கும்போது நேரலாம். பிறந்த பிறகும் நேரலாம்.

காரணங்கள் பல:

- மாதம் நிறையாமல் பிறப்பது
- மிகக் குறைந்த எடையில் பிறப்பது
- பிறக்கும்போது மூச்சுத் திணறுவது
- பிறந்தவுடன் வரும் மஞ்சள் காமாலை மிக அதிகமாகி, வைத்தியம் செய்யாமல் விடுவது
- மூளைக் காய்ச்சல்
- தலையில் பலத்த அடி

சில குழந்தைகளுக்குக் காரணம் தெரியாமலே போகும்.

மூளை முடக்குவாதம் ஒட்டுவாரொட்டி அல்ல. ஒருவரைத் தொட்டால் மற்றவருக்கு வராது. மூளையில் பட்ட அடி நாளுக்கு நாள் பெரிதாவதும் இல்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசைகள் இறுகும். மூட்டுகள் மடங்கிப் போகும். ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லது. சீக்கிரம் பயிற்சி தொடங்குவது அதைவிட நல்லது.

இங்கிலாந்தில் லிட்டில் என்ற டாக்டர் இருந்தார். பிறப்பின்போது ஏற்படும் சிக்கலுக்கும் கை கால் விறைப்புக்கும் தொடர்பு உண்டு என்று அவர் 1862-ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். அதாவது, 160 ஆண்டுகளுக்கும் மேலாக டாக்டர்கள் இதை அறிவார்கள். ஆனால் நம் தெருவில் இன்றும் 'கிரகணம்' என்றுதான் சொல்கிறார்கள்.

பேச்சுக்குப் போனால் சோற்றைப் பற்றிக் கேட்டார்

டாக்டர் அவர்களைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்.

பயிற்சியாளர் முதலில் கேட்ட கேள்வி: "முத்து எப்படிச் சாப்பிடுகிறான்? ஊட்டிக் காட்டுங்கள்."

செல்லம்மாவுக்கு வியப்பாக இருந்தது. "பேச்சு வரலைன்னு வந்தா, இவுக சோத்தைப் பத்திக் கேக்காகளே" என்று டீச்சரிடம் மெதுவாகச் சொன்னாள்.

பயிற்சியாளர் சிரித்தார். "அம்மா, சாப்பிடுவதும் பேசுவதும் ஒரே வாய்தான். அதே உதடு. அதே நாக்கு. அதே தாடை. அதே தொண்டை. மெல்லும்போது நாக்கு எப்படிப் புரளுகிறது என்று பார்த்தால், பேசும்போது என்ன சிரமம் வரும் என்று ஓரளவு தெரியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சாப்பாடு நெஞ்சுக்குள் போகாமல் இருந்தால்தான் பிள்ளை உயிரோடு இருப்பான். முதலில் உயிர். பிறகு பேச்சு."

வாயின் அனிச்சைச் செயல்கள்

சுடும் தோசைக்கல்லில் கை பட்டால் என்ன செய்கிறோம்? வெடுக்கென்று இழுக்கிறோம். யோசித்து இழுப்பதில்லை. கண்ணில் தூசி விழ வந்தால் இமை தானே மூடுகிறது. இப்படி, நாம் நினைக்காமலே உடல் செய்யும் செயலுக்கு அனிச்சைச் செயல் என்று பெயர்.

பிறந்த குழந்தையின் வாயிலும் அனிச்சைச் செயல்கள் உண்டு. அவைதான் அதற்குப் பால் குடிக்கக் கற்றுத் தருகின்றன. ஐந்து செயல்களைப் பார்ப்போம்.

1. தேடுதல்: குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் தலையைத் திருப்பும். வாயைத் திறக்கும். முலையைத் தேடும். இது ஏறக்குறைய நான்கு மாதத்தில் மறையும்.

2. சப்புதல்: வாயில் எது பட்டாலும் சப்பும். தாயின் வயிற்றிலேயே குழந்தை இதைத் தொடங்கிவிடுகிறது. சில மாதங்களில் தன் விருப்பப்படி சப்பவும் நிறுத்தவும் கற்றுக்கொள்கிறது.

3. நாக்கால் தள்ளுதல்: கெட்டியான பொருள் நாக்கில் பட்டால் வெளியே தள்ளும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இது குறையும். அதன் பிறகுதான் குழந்தை கூழும் சோறும் உண்ண முடியும்.

4. கடித்தல்: ஈறைத் தொட்டால் தாடை மேலும் கீழும் ஆடும். ஒரு வயதுக்குள் இது மெல்லும் பழக்கமாக மாறும்.

5. குமட்டுதல்: தொண்டைக்குப் பக்கத்தில் ஏதாவது பட்டால் குமட்டும். இது வாழ்நாள் முழுவதும் இருக்கும். தொண்டைக்குள் வேண்டாத பொருள் போகாமல் காக்கும். கைக்குழந்தைக்கு நாக்கின் நடுவில் பட்டாலே குமட்டும். வளர வளர நாக்கின் பின்பக்கம் பட்டால்தான் குமட்டும்.

மூளை வளர வளர, முதல் நான்கும் அடங்குகின்றன. குழந்தை தன் நாக்கைத் தானே ஆளக் கற்றுக்கொள்கிறது.

மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு இவை அடங்குவதில்லை. மூன்று வயதிலும் நாக்கு தள்ளும். கரண்டி பட்டவுடன் பல் கிட்டித்துக்கொள்ளும். சிலருக்கு உதட்டைத் தொட்டாலே குமட்டும். வேறு சிலருக்குக் குமட்டலே வராது. பிறந்தபோதே சப்ப முடியாத குழந்தைகளும் உண்டு.

முத்து சோற்றைத் துப்பினான். கரண்டியைக் கடித்தான். அது அடமா? இல்லை. வீம்பா? இல்லை. அவன் நாக்கு அவன் பேச்சைக் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

இதைக் கேட்ட செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "துப்புறான்னு எத்தனை நாள் அடிச்சிருக்கேன்" என்றாள்.

"தெரியாமல் செய்தீர்கள். இனிமேல் தெரிந்து செய்வோம்" என்றார் பயிற்சியாளர்.

இருமல் ஒரு எச்சரிக்கை

தொண்டையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மூச்சுக்குழாய். அது நுரையீரலுக்குப் போகிறது. இன்னொன்று உணவுக்குழாய். அது இரைப்பைக்குப் போகிறது. நாம் விழுங்கும்போது மூச்சு வழி மூடிக்கொள்கிறது. உணவு தன் வழியில் போகிறது.

தலை பின்னால் சாய்ந்திருந்தால், மூச்சு வழி சரியாக மூடாமல் போகலாம். கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கலாம். அதனால் நிமோனியா வரலாம். மூக்கைப் பிடித்து ஊற்றுவது இன்னும் ஆபத்து. குழந்தை வாயால் மூச்சை இழுக்கும். மூச்சோடு கஞ்சியும் உள்ளே போகும்.

கீழே உள்ளவற்றைக் கண்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்:

- சாப்பிடும்போது இருமல், திணறல்
- சாப்பிட்ட பிறகு குரல் களகளவென்று ஒலிப்பது
- பால் மூக்கு வழியாக வருவது
- அடிக்கடி நெஞ்சுச் சளி, காய்ச்சல்
- ஒரு வேளை உணவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது
- எடை ஏறாமல் இருப்பது

சில குழந்தைகள் இருமவே மாட்டார்கள். ஆனாலும் உணவு நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆகவே அடிக்கடி நெஞ்சுச் சளி வந்தால், இருமல் இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

எப்படி ஊட்டுவது?

பயிற்சியாளர் செல்லம்மாவுக்குச் செய்து காட்டினார்.

உட்கார வையுங்கள். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். மடியில் வைத்தாலும் முதுகு நிமிர்ந்திருக்கட்டும். இடுப்பு மடங்கியிருக்கட்டும். இரு கைகளும் முன்னால் இருக்கட்டும். தலை நடுவில் இருக்கட்டும். மோவாய் சற்றே கீழே பார்க்கட்டும்.

கரண்டியை முன்னாலிருந்து கொண்டு வாருங்கள். மேலே தூக்கிக் கொண்டு வந்தால் குழந்தை அண்ணாந்து பார்க்கும். தலை பின்னால் சாயும். ஆகவே வாய்க்கு நேராக, சற்றுத் தாழ்வாகக் கொண்டு வாருங்கள்.

சிறிய, குழி குறைந்த கரண்டி நல்லது. ஓரம் கூராக இருக்கக் கூடாது. கடித்தால் உடையும் பிளாஸ்டிக் கரண்டி வேண்டாம்.

கரண்டியால் நாக்கின் நடுவில் மெதுவாக அழுத்துங்கள். நாக்கு தள்ளுவது குறையும். உதடு மூடும்வரை காத்திருங்கள். உணவை மேல் பல்லில் வழித்துவிடாதீர்கள்.

குழந்தை கரண்டியைக் கடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். இழுத்தால் இன்னும் இறுக்கமாகக் கடிக்கும். பொறுத்திருங்கள். தலையைச் சற்று முன்னால் குனிய விடுங்கள். தாடை தானே தளரும்.

ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். அவசரம் வேண்டாம்.

குழைந்த உணவு கொடுங்கள். பருப்புச் சோற்றை நன்றாக மசியுங்கள். கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் கொடுக்கலாம். தண்ணீரைப் போன்ற உணவு வேகமாக ஓடும். அதைச் சமாளிப்பது கடினம். ரசச் சோறும் கடினம். அதில் தண்ணீரும் பருக்கையும் கலந்திருக்கின்றன. வேர்க்கடலை, பொரி, முறுக்கு ஆபத்தானவை. அடைத்துக்கொள்ளும்.

சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். வாயில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பல்லைச் சுத்தம் செய்யுங்கள்.

ஒரு குழந்தைக்குப் பொருந்துவது இன்னொரு குழந்தைக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே முதலில் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொன்னபடி செய்யுங்கள்.

எச்சில் வழிவதைப் பற்றியும் செல்லம்மா கேட்டாள். முத்துவுக்கு எச்சில் அதிகமாக ஊறவில்லை. நாம் நினைவில்லாமலே எச்சிலை அடிக்கடி விழுங்குகிறோம். அவனால் அப்படி விழுங்க முடியவில்லை. அதனால் வழிகிறது. தலை நிமிர்ந்து நின்றால் இது குறையலாம். துணியால் அழுத்தித் தேய்த்தால் தோல் புண்ணாகும். ஒற்றி எடுக்க வேண்டும்.

பேச்சு எப்படி வருகிறது?

நாதசுரம் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாசிப்பவர் மூச்சை ஊதுகிறார். சீவாளி அதிர்கிறது. ஒலி பிறக்கிறது. விரல்கள் துளைகளைத் திறந்து மூடுகின்றன. ஒலி, ராகம் ஆகிறது.

பேச்சும் அப்படித்தான். நுரையீரல் மூச்சை அனுப்புகிறது. தொண்டையில் குரல் நாண்கள் அதிர்கின்றன. நாக்கும் உதடும் விரல்களைப் போல வேலை செய்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள். 'ப' என்று சொல்லுங்கள். 'ம' என்று சொல்லுங்கள். உதடுகள் ஒட்டிப் பிரிகின்றன. 'த' என்று சொல்லுங்கள். நாக்கு நுனி பல்லைத் தொடுகிறது. 'ட' என்று சொல்லுங்கள். நாக்கு மேலே வளைகிறது. 'க' என்று சொல்லுங்கள். நாக்கின் பின்பக்கம் உயர்கிறது.

இப்போது வாயை மூடாமல் 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். முடிகிறதா? 'அ… ஆ…' என்றுதான் வருகிறது.

முத்துவின் உதடுகள் ஒட்டுவதில்லை. மூன்று ஆண்டுகளாக அவன் 'அ… ஆ…' என்று கத்தியது வெறும் கத்தல் அல்ல. அவன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம்.

செல்லம்மா அன்று பயிற்சி அறையிலேயே அழுதாள்.

மூளை முடக்குவாதம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி இருக்காது. சிலருக்குத் தசை விறைக்கும். பேச்சு சிரமப்பட்டு, இழுத்து இழுத்து வரும். சிலருக்கு உடல் தானாக நெளியும். பேச்சு திடீரென்று உயரும், தாழும். சிலருக்கு உடல் தள்ளாடும். பேச்சும் தடுமாறும். மூச்சு போதாமல், ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குபவர்களும் உண்டு.

காது கேட்கிறதா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும். கடுமையான மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்ட சில குழந்தைகளுக்குக் காதும் கேட்காமல் போகிறது. காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வருவது இன்னும் கடினம்.

நாக்கு நரம்பை அறுத்தால் பேச்சு வருமா? வராது. குறை நாக்கில் இல்லை. நாக்கை அசைக்கச் சொல்லும் மூளையில் இருக்கிறது. சூடு போட்டால் புண்தான் வரும். வசம்பு தேய்த்தாலும் பேச்சு வராது. வெறுமனே ஊதுவது, நக்குவது போன்ற பயிற்சிகள் மட்டும் பேச்சைத் தந்துவிடாது. பேசிப் பழகித்தான் பேச்சு வளரும்.

அவனுக்குத் தெரியுமா?

"அவனுக்கு ஒண்ணும் புரியாது, டாக்டரம்மா" என்றாள் செல்லம்மா.

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"பேசலையே."

"பேசாமல் இருப்பது வேறு. புரியாமல் இருப்பது வேறு. வீட்டில் அவன் எதற்காகச் சிரிப்பான்?"

செல்லம்மா யோசித்தாள். "காலையில அவுக ஹாரன் அடிச்சுக்கிட்டுத் திரும்பி வருவாக. அந்தச் சத்தம் கேட்டாச் சிரிப்பான். வாசலையே பாப்பான்."

"வேறு சைக்கிள் ஹாரன் கேட்டால்?"

செல்லம்மா வாயடைத்து நின்றாள். அந்தத் தெருவில் காலையில் எத்தனையோ ஹாரன்கள் ஒலிக்கும். முத்து ஒன்றுக்குத்தான் சிரிப்பான்.

பயிற்சியாளர் முத்துவைப் பார்த்தார். "முத்து, அம்மா எங்கே?" என்றார். முத்துவின் தலை ஆடியது. கை எங்கோ போனது. ஆனால் கண்கள் செல்லம்மாவிடம் வந்து நின்றன.

மூளை முடக்குவாதம் உள்ள சிலருக்கு அறிவு வளர்ச்சியிலும் குறை இருக்கும். பலருக்கு அறிவில் குறையே இருக்காது. பேச்சை மட்டும் வைத்து அறிவை அளக்கக் கூடாது.

வாய் இல்லாமல் பேசலாம்

பயிற்சியாளர் சில வழிகள் சொன்னார்.

பிள்ளையோடு நிறையப் பேசுங்கள். குளிப்பாட்டும்போது பேசுங்கள். இட்லி அவிக்கும்போது பேசுங்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் உடல் மெதுவாகத்தான் பதில் சொல்லும்.

இரண்டு பொருளைக் காட்டுங்கள். "பழம் வேணுமா, கூழ் வேணுமா?" என்று கேளுங்கள். அவன் எதைப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். அதைக் கொடுங்கள்.

ஒரு அட்டையில் படங்களை ஒட்டுங்கள். தண்ணீர், சோறு, பாய், அப்பா, அம்மா, வலி. அவன் கண்ணால் காட்டட்டும். விரலால் தொட முடிந்தால் தொடட்டும்.

"படம் காட்டினாப் பேசக் கத்துக்க மாட்டானே?" என்று செல்லம்மா பயந்தாள். அந்தப் பயம் வேண்டாம். படத்தால் பேச்சு கெடாது. சொன்னது பிறருக்குப் புரிந்தால் பிள்ளைக்கு ஆசை வரும். ஆசை வந்தால் இன்னும் சொல்ல முயல்வான். இப்போது படத்தைத் தொட்டால் குரலில் சொல்லும் கருவிகளும் செல்போன் செயலிகளும் வந்திருக்கின்றன. ஆனால் தொடங்குவதற்கு ஓர் அட்டை போதும்.

செல்லம்மா மாலை வகுப்பில் அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள். அன்று இரவு பழைய நோட்டு அட்டையை இரண்டாக வெட்டினாள். ஒன்றில் 'ஆமாம்' என்று எழுதினாள். மற்றொன்றில் 'இல்லை' என்று எழுதினாள். 'லை' எழுத்தை ஒருமுறை அடித்து எழுதினாள். சரியாக வந்தது.

பேசத் தடை இருந்தும் உலகம் கேட்டது

மும்பையில் மிட்டு அலூர் என்ற தாய் இருக்கிறார். அவர் மகள் மாலினி சிப். மாலினிக்கு மூளை முடக்குவாதம். மகளைப் போன்ற குழந்தைகளுக்காக மிட்டு அலூர் 1973-ஆம் ஆண்டில் மும்பையில் ஒரு சிறப்புப் பள்ளியைத் தொடங்கினார். மாலினி பேசுவது எளிதில் புரியாது. அவர் ஒரே ஒரு விரலால் தட்டச்சு செய்வார். லண்டனில் மேல்படிப்புப் படித்தார். 'ஒரு சிறு விரல்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் தன் வாழ்க்கையை எழுதினார்.

கொல்கத்தாவைச் சேர்ந்தவர் ஜீஜா கோஷ். அவருக்கும் மூளை முடக்குவாதம். 2012-ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டுக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். விமானத்திலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் போனார். 2016-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

நமக்கு உள்ள உதவிகள்

- அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குழந்தைகளைச் சோதிக்க, 2013-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு சிறுவர் நலத் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. குறை தெரிந்தால் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

- மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டில் நிறைவேறியது. 2017 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அதில் 21 வகைக் குறைபாடுகள் சொல்லப்பட்டுள்ளன. மூளை முடக்குவாதம் அதில் ஒன்று. குறை 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு.

- அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பெறலாம். நாடு முழுவதும் செல்லும் தனி அடையாள அட்டையும் பெறலாம்.

- மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பயிற்சிச் செலவுக்கும் இதில் இடம் உண்டு.

- பேச்சுக்கும் காதுக்கும் என்றே மைசூரில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. மும்பையிலும் இருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல குறைகள் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் உள்ளது.

முத்து சொன்ன சொல்

மாதங்கள் போயின. முத்துவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. கால் விறைப்பும் போகவில்லை. ஆனால் இப்போது ஒரு வேளைச் சாப்பாடு அரை மணியில் முடிகிறது. இருமல் குறைந்திருக்கிறது. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது.

ஒருநாள் இரவு. முத்து மூலை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அதை அவன் அப்பா பழைய பலகையில் செய்திருந்தார். செல்லம்மா பருப்புச் சோறு ஊட்டினாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லம்மா இரண்டு அட்டைகளையும் தூக்கிப் பிடித்தாள்.

"முத்து, இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா?"

முத்துவின் தலை இங்கும் அங்கும் ஆடியது. செல்லம்மா காத்திருந்தாள். மனதுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று… ஏழு… எட்டு.

முத்துவின் கண்கள் ஓர் அட்டையில் போய் நின்றன.

இல்லை.

செல்லம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மூன்று ஆண்டுகளாக அவன் வாயில் சோற்றைத் திணித்திருக்கிறாள். 'போதும்' என்று சொல்ல அவனுக்கு வழியே இருந்ததில்லை. இன்று சொல்லிவிட்டான்.

"என்னட்டீ சொல்லுதான்?" என்று கேட்டார் பெரியம்மா.

"போதுமாம் பெரியம்மா" என்றாள் செல்லம்மா. அவளுக்குச் சிரிப்பும் வந்தது. அழுகையும் வந்தது.

பெரியம்மா முத்துவின் அருகில் வந்து உட்கார்ந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல எது 'ஆமாம்'? எனக்கும் சொல்லிக் குடு" என்றார்.

நினைவில் வையுங்கள்

மூன்று மாதம் முடிந்த பிறகும் தலை நிற்காவிட்டால், கை எப்போதும் மூடியே இருந்தால், உடல் விறைப்பாகவோ துவண்டோ இருந்தால், பால் சப்பச் சிரமப்பட்டால், ஒலி கேட்டுத் திரும்பாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள்.

விடை சொல்லுங்கள்

1. அனிச்சைச் செயல் என்றால் என்ன? உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்.
2. படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து ஊட்டினால் என்ன ஆபத்து?
3. குழந்தை கரண்டியைக் கடித்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?
4. வாயை மூடாமல் சொல்ல முடியாத மூன்று சொற்களை எழுதுங்கள்.
5. முத்துவுக்குப் புரிகிறது என்பது எப்படித் தெரிந்தது?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் முத்துவைப் போல் ஒரு குழந்தை இருக்கிறதா? அந்த வீட்டுக்குப் போங்கள். அவன் தாயிடம் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள். பிள்ளையிடமும் பேசுங்கள். கேள்வி கேளுங்கள். பிறகு பத்து வரை எண்ணிக் காத்திருங்கள்.